மழைக்கு மறுநாள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அவர் அலுவலகத்துக்கு வரமாட்டார். அது விடுப்பு அல்ல. விடுப்பு விண்ணப்பமும் இருக்காது, வருகைப் பதிவில் கையெழுத்தும் இருக்காது. பணிக்காலம் முழுவதையும் பொதுப்பணித் துறையில் கழித்த எனக்கு, இந்த இரண்டிலும் அகப்படாத ஓர் ஊழியர் இருக்க முடியும் என்பதே செய்தியாக இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நாங்கள் வடிவமைத்த தோட்டங்களில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போயிருப்பார். முழங்கால் வரை சேறோடு மத்தியானம் படியேறி வருவார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் நீளும் என்று தெரியும்.

அலுவலகம் வில்லியனூரில் உரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. பூங்காக்கள், பள்ளி வளாகங்கள், பணக்காரர்களின் பண்ணை வீட்டுத் தோட்டங்கள் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது தொழில். கீழே இருந்து பூச்சிமருந்து வாடை ஏறி வரும். மேலே நாங்கள் மல்லிகைப் பந்தல் வரைந்துகொண்டிருப்போம். ஓய்வுபெற்ற பிறகு, வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட என்னை வைத்துக்கொண்டார்கள். அவர் அங்கே மூத்த வரைவாளர். ஏம்பலத்தில் கரும்பு பயிரிடும் குடும்பம். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வீட்டில் மாதாமாதம் தவறாமல் வரும் வருமானம் அவருடையது மட்டும்தான். அந்த வேலை அவருக்குப் போனது ஒரு சுவரால். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு தோட்டத்தின் வரைபடம், சுவர் எங்கே வரும் என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தச் சுவருக்கு அடித்தளம் எவ்வளவு ஆழம், பின்னால் என்ன நிரப்புவது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதையெல்லாம் காட்ட, சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல ஒரு சிறிய படம் தனியாக வேண்டும். அலுவலகத்தில் அதை டீடெயில் என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதைப் புதிதாக வரைவதில்லை. மென்பொருளில் ஒரு முறை சேமித்துவிட்டால் அடுத்தடுத்த வேலைகளுக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அப்படிச் சேமித்த படங்களின் தொகுப்பு லைப்ரரி. அது அவர் பொறுப்பு.

அவர் வருவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பழைய ஃபோல்டர் சாட்சியாகக் கிடந்தது. உள்ளே 'சுவர் பைனல்', 'சுவர் பைனல் புதுசு', 'சுவர் பைனல் இதுதான்', 'சுவர் யாரும் தொடாதீங்க' என்று படங்கள். என் துறையில் இதே காரியத்தைக் கோப்பு எண் போட்டு, சிவப்பு நாடா கட்டிச் செய்தோம். வேறு வித்தியாசம் இல்லை. அவர் வந்து சுவர், படி, வடிகால், நடைபாதை, மரக்குழி என்று பிரித்தார். அதுவரை எல்லோரும் செய்யக்கூடியது. அதற்குப் பிறகு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இரண்டு அறைகள் வைத்தார். ஒன்றுக்கு 'மழை பாத்தது' என்று பெயர். மற்றொன்று 'மழை பாக்காதது'.

யார் வரைந்த படமானாலும் முதலில் பாக்காததில்தான் போகும். அது எங்காவது கட்டப்பட்டு, அதன்மேல் ஒரு பருவமழை முழுதாகப் பெய்து, அவர் நேரில் போய்ப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே பாத்ததற்கு மாறும். பாத்ததிலிருந்து யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பாக்காததிலிருந்து எடுப்பவர் அவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

"ஒரு எடத்துல தப்பா கட்டுனா ஒரு தப்பு சார். லைப்ரரில தப்பா வெச்சா, எடுக்கறவன்லாம் கட்டுவான்" என்பார்.

நான் சேர்ந்த புதிதில், துறையிலிருந்து கையோடு கொண்டுவந்த வடிகால் படம் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இது அங்கீகாரம் பெற்ற மாதிரிப் படம்மா. அப்படியே லைப்ரரில சேத்துடலாம்."

"யாரு சார் அங்கீகாரம் குடுத்தது?"

"தலைமைப் பொறியாளர்."

"மழ குடுத்துச்சா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பாக்காததில் போட்டார். அரசின் முத்திரை பெற்ற படம் ஒன்று, ஓர் உரக்கடை மாடியில், தகுதிகாண் பருவத்தில் கிடந்தது. அதுபோலக் கட்டிய இடம் ஏதாவது தெரியுமா என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்டார். பாகூர்ப் பக்கம் ஓரிடம் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் கீது சார்" என்று மாற்றிவைத்தார். அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

அவர் எப்போதும் சரியாக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நடைபாதை ஓரக்கல் படம் ஒன்றை வெகுகாலம் பாக்காததிலேயே வைத்திருந்தார். கட்டிய இடத்தில் கல் எல்லாம் பெயர்ந்து கிடந்ததுதான் காரணம். ஒரு முறை நான் அந்த வழியாகப் போனபோது, கரும்பு ஏற்றிய டிராக்டர் வளைவில் திரும்ப இடமில்லாமல் ஓரக்கல்லின் மேலேயே ஏறி இறங்குவதைப் பார்த்தேன். வந்து சொன்னேன். "மழ இல்லாம எதுக்குப் பேருது?" என்று என்னோடு வாதாடினார். தன் ஊர்க் கரும்பு தன் படத்தைக் கெடுக்கும் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு வாரம் கழித்து லைப்ரரியைத் திறந்தால் படம் பாத்ததற்கு மாறியிருந்தது.

ஒரு முறை நானும் அவரோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். பெருமழைக்கு மறுநாள், சேலியமேட்டைத் தாண்டி ஒரு சிற்றூர். நெல் வயல்கள் எல்லாம் ஏரிபோலக் கிடந்தன. கணவருடைய பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வண்டியை நிறுத்தி, ஒரு பள்ளிக்கூடத்து மதில்மேல் புறங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நின்றார். அதற்குள் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். மழைக்குப் பிறகு வண்டியில் வந்து சுவரைப் பார்ப்பவர்கள் வேறு யாராக இருக்க முடியும்?

"வெள்ள நிவாரணக் கணக்கு எழுதவா மா வந்துகிறீங்க?"

"இல்லக்கா. செவுரு பாக்க வந்தேன்."

"செவுரா? எங்க வூட்டு செவுரும்தான் வுழுந்துகீது. அத வந்து பாரு. சர்க்கார் செவுருதான் செவுரா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் அந்த வீட்டுக்குப் போய்விட்டார். விழுந்த மண்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரின் காலிலேயே விழுந்து அரித்திருந்தது. அந்தப் பெண், பேரையும் ரேஷன் அட்டை எண்ணையும் சொல்லத் தயாராக நின்றிருந்தார்.

"எழுதிக்கலியாமா?"

"எழுதி நான் இன்னா பண்ணப் போறேன்? கூரையக் கொஞ்சம் முன்னால இழுத்து வுடுக்கா. தண்ணி அந்தாண்ட போயி வுழணும்."

"இத சொல்றதுக்குப் புதுச்சேரிலேர்ந்து ரெண்டு பேரு வரணுமா?" என்றார் அந்தப் பெண், என்னைப் பார்த்து. நியாயமான கேள்வி. திரும்பும்போது அவர் சொன்னார்: "சொன்னத செய்வாங்க சார். நம்ம ஆபீஸ்ல சொன்னாத்தான் செய்யமாட்டாங்க."

அலுவலகத்தின் முதலாளி முப்பதுகளில் இருந்தவர். வெளியூரில் படித்தவர், திறமைசாலி, கெட்டவர் அல்ல. அவசரக்காரர். எங்கள் வரைவாளரை அக்கா என்று கூப்பிடுவார். இவர் அவரை சார் என்பார். கோபம் வந்தால் தம்பி. உள் அறையிலிருந்து தம்பி என்ற சொல் கேட்டால் வெளியே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வரைய ஆரம்பித்துவிடுவோம்.

இனி அந்தச் சுவர்.

சேதராப்பட்டில் இருந்த ஒரு தொழிற்சாலை, சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமத்துக்குப் பூங்கா கட்டிக் கொடுத்தது. வடிவமைப்பு எங்களுடையது. தாழ்வான இடம் என்பதால் ஒரு பக்கம் செம்மண் கொட்டி மேடாக்கினோம். அந்த மண்ணைத் தாங்க, ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்குக் கீழே, அதை ஒட்டினாற்போல, அங்கன்வாடி. அதன் பிள்ளைகள் மத்தியானம் அந்தச் சுவரின் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடும்.

மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் சேரும். அது வெளியேற, பின்புறம் ஜல்லி நிரப்பி, சுவரின் ஊடே வரிசையாகக் குழாய்த் துளைகள் விடுவது வழக்கம். இல்லாவிட்டால் மண்ணோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். லைப்ரரியில் பாத்தது என்ற அறையில் இருந்த படம் அப்படித்தான் இருந்தது. நானும் பூங்காவின் தாளில் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்தது இது. ஒரு பண்ணை வீட்டுக்காரர், தன் தோட்டத்து முழங்கால் உயரச் சுவரில் குழாய் தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்றார். முதலாளி அந்த டீடெயிலைத் திறந்தார். குழாயை அழித்தார், ஜல்லியை அழித்தார், சேமித்தார். முழங்கால் உயரத்துக்கு அதனால் கேடில்லை. புதிய பெயரில் சேமிக்கவா, அதே பெயரிலா என்று மென்பொருள் கேட்டிருக்கும். அவர் அதே பெயரில் என்று அழுத்தினார். லைப்ரரியில் மூலப்படத்தை மாற்றினால், அதை எடுத்துப் போட்டிருக்கும் எல்லாத் தாள்களிலும் அடுத்த முறை திறக்கும்போது படம் தானாக மாறிவிடும். நாங்கள் மிகவும் மெச்சிக்கொண்ட வசதி அது. பூங்காவின் தாள்கள் ஒப்பந்தக்காரருக்காக அச்சானது அதற்குப் பிறகு. வரைவாளர் மாமனார் காரியத்துக்காக அலுவலகம் வராமல் ஊரில் இருந்த சமயம் அது.

என் அனுபவத்தில் ஒப்பந்தக்காரர்கள் படத்தில் உள்ளபடி கட்டியது அபூர்வம். இவர் அட்சரம் பிசகாமல் கட்டினார்.

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள் அவர் அங்கே போனார். அன்று எனக்கும் பாகூரில் வேலை இருந்ததால் கூடப் போயிருந்தேன். சுவர் அழகாக இருந்தது. முகப்பு முழுவதும் பூசி வண்ணம் அடித்து யானை, மயில், கிளி எல்லாம் எழுதியிருந்தார்கள். நடுவில் தொழிற்சாலையின் சின்னம். அடுத்த வாரம் திறப்பு விழா. அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து அடிவரை பார்த்தார். மேலே ஏறி மண்ணில் காலை ஊன்றினார். கணுக்கால் வரை இறங்கியது. கீழே சுவரின் முகம் வறண்டிருந்தது.

"தண்ணி எங்க சார் போச்சு?" என்றார்.

பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அந்தப் படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். படம் மாறியிருப்பதைச் சொன்னார்கள். முதலாளியைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே முதலாளியின் குரல் கேட்டது.

"அக்கா, திறப்பு விழா முடியட்டும். பெயிண்ட்லாம் அடிச்சாச்சு. அடுத்த வாரம் நானே ஆள் வெச்சு ஓட்ட போட்டுத் தரேன்."

"இன்னிக்கு ராத்திரிக்கே மழ சொல்லியிருக்கான் தம்பி."

"நல்லாத்தானே கட்டியிருக்கு? ஒரு விரிசலாவது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாக்கா? இப்ப போயி ஓட்ட போட்டா நம்மளத்தான் கேப்பான். நான் சொல்ற வரிக்கும் அதத் தொடாதீங்க."

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒடனே செய்யணும்னா யாருகிட்ட சார் கேக்கணும்?"

எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் சொன்னேன். நிதி கொடுத்தவருக்குக் கடிதம், நகல் இன்னின்னாருக்கு. அவர்கள் தரப்புப் பொறியாளரின் நேரடி ஆய்வு. அறிக்கை. திருத்த மதிப்பீடு. ஒப்புதல். ஒரு படியைக்கூட விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் வேகமா நடந்தா எப்ப ஆவும்?"

"தைக்குள்ள முடியும்."

வானத்தைப் பார்த்தார். கடற்கரைப் பக்கம் கருத்திருந்தது. அங்கன்வாடியில் சோறு போடுவதற்காகப் பிள்ளைகளை வெளியே வரிசையில் விட ஆரம்பித்திருந்தார்கள். அவர் நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், இன்னிக்குப் புள்ளைங்கள எதுத்தாப்ல கீற மண்டபத்துல உக்கார வெச்சு சோறு போடுங்க."

"மேலேர்ந்து எழுதிக் குடுத்தாத்தான் நான் வெளிய கூட்டினு போவ முடியும் மா."

"செவுத்துல வேல நடக்குது, சோத்துல தூசு வுழுதுன்னு சொல்லுங்க. யாரு கேட்டாலும் நான்தான் தூசு பண்ணேன்னு சொல்லுங்க."

"இன்னா வேல? ஒருத்தரையும் காணமே?"

"வருவாங்க."

அந்தச் சுவரைக் கட்டிய மேஸ்திரி அதே ஊர்க்காரர். அவர் கூப்பிட்டதும் துளைபோடும் இயந்திரத்தோடு வந்தவர், யானையைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"அக்கா, முந்தாநேத்துதான் பெயிண்டரு முடிச்சிட்டுப் போனான். வவுத்துலயா போட சொல்றீங்க?"

"கால்கிட்டயும் போடணும். நம்ம படம் தப்பு மேஸ்திரி. நீ கட்டுனது தப்பில்ல."

"யாரு போடச் சொன்னதுன்னு கேட்டா?"

"என் பேரச் சொல்லு."

லைப்ரரியில் கைவைத்தவர் வேறு ஒருவர் என்பதை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

முதல் துளை விழுந்தது. சிவப்பு ஈரம்கூட இல்லை. மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வரைவாளரைப் பார்த்தேன். யானையின் வயிற்றில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "இன்னும் கீழ போடுப்பா" என்றார். இரண்டாவது துளையில் முதலில் சேறு பிதுங்கியது. பிறகு ஒரு சொட்டு. பிறகு செந்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேஸ்திரியின் மார்பில் அடித்தது. அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கீழ் வரிசை முழுவதும் துளைகள். தொழிற்சாலையின் சின்னமும் தப்பவில்லை. தண்ணீர் இருட்டும்வரை ஓடியது. மழையும் வந்தது, விட்டு விட்டு நாலைந்து நாள் பெய்தது.

சுவர் நின்றது.

அதுதான் சிக்கலாகிவிட்டது. விழாத சுவரைச் சிதைத்தது யார் என்று விசாரித்தார்கள். குளிர்சாதன அறை. தொழிற்சாலையின் மேலாளர், எங்கள் முதலாளி, அவர், நான். மேலாளர் கோபமாகக்கூடப் பேசவில்லை. ஓட்டை விழுந்த சின்னத்தின் புகைப்படத்தை மேசையில் வைத்து, என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நீங்க அனுபவஸ்தர். ஓட்டை போடலன்னா சுவர் விழுந்திருக்குமா?"

"சொல்ல முடியாது. விழுந்திருக்கலாம். நின்றிருக்கவும் கூடும். ஆனால் துளை இருந்தே ஆக வேண்டும்."

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. விழுந்திருக்குமா?"

"தெரியாது சார்."

"தெரியாமலா போட்டீங்க?"

"ஆமா சார்."

முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னேன். அறையில் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. யாருக்காகச் சொன்னேனோ அவரும் என்னை, ஏன் சொன்னீர்கள் என்பதுபோலப் பார்த்தார். அடுத்த இரண்டு பூங்காக்களின் வேலை எங்களுக்கே வர வேண்டுமானால் அவர் அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. இம்மாதிரி முடிவுகளைத் தாளில் எழுதுவதில்லை; எல்லோருக்கும் புரியும்படி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும்.

வெளியே வந்து படியிறங்கும்போது எனக்கே ஆற்றாமையாக இருந்தது.

"விழுந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. இல்லன்னு மறுத்துப் பேச அங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாதே சார்."

"தெரியலன்னா ஒரு மழை பாத்துட்டுத்தானே நீங்க எதையும் முடிவு பண்ணுவீங்க?"

அவர் ஸ்கூட்டர் சாவியைக் கைப்பையில் வெகுநேரம் தேடினார்.

"தெரிஞ்சிக்கணும்னா வுட்டுட்டுப் பாக்கணும் சார். கீழ புள்ளைங்க சாப்புடுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. விழுப்புரம் பக்கம் ஏதோ வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏம்பலத்து வீட்டுக்கு ஒரு முறை போனேன்; பூட்டியிருந்தது.

போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பூங்கா இருக்கும் ஊருக்குப் போக நேர்ந்தது. முந்தின நாள் மழை. யானைக்கு மறுபடி வண்ணம் அடித்திருந்தார்கள். துளைகளை அடைக்காமல் குழாய் செருகி விட்டிருந்தார்கள், மேஸ்திரியின் வேலையாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் மெல்லிய கயிறுபோல ஓடிக்கொண்டிருந்தது. அங்கன்வாடி டீச்சரும் புதியவர். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அருகில் வந்தார்.

"இவ்ளோ அழகா எழுதி வெச்சு, யாரோ ஒரு அம்மா கோவத்துல வந்து ஓட்ட போட்டுட்டாங்களாம் சார். ஊர்ல சொல்றாங்க" என்றார். "ஆனா வசதியாத்தான் கீது."

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் சேற்றுக்காலோடு ஓடிவந்து குழாய்களின் முன்னால் முண்டின. ஒன்று சேற்றைக் கழுவ யானைக்குக் கீழே காலை நீட்டியது. இன்னொன்று அதை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் காலை நீட்டியது. டீச்சர் அதட்டினார். இரண்டும் கேட்கவில்லை.